மரத்தூளில் ஓடிய பனிவண்டி

தம்பி,

இதை நீ தனியாக இருக்கும்போது வாசி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் கடையில் போனில் பேசுவது என்றால் உன் அப்பாவுக்கும் சேர்த்துப் பேசுவது என்று உனக்கே தெரியும். எந்த மோட்டார் சைக்கிளுக்கு அடியில் படுத்திருந்தாலும் அவர் காது மட்டும் என் கவுண்ட்டர்மேல்தான் இருக்கும். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் எழுதுவதைத் தவிர எனக்கு வழியில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கவுண்ட்டருக்குப் பின்னால் ஏதாவது ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு பிரேக் கட்டையும் ஸ்பார்க் பிளக்கும் எடுத்துக் கொடுத்தே இத்தனை காலம் ஓட்டியவள் நான். வாய் திறந்து பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

போன மாதம் மூன்று படங்களை அனுப்பி, "ம்மா, இதுல எந்த ஸ்கீ போடலாம்?" என்று கேட்டாய். கனடாவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், வாடகைக்கு விடும் பனிவண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை உனக்கு. இப்போது உனக்கென்று மலையில் ஓட்டும் ஒரு பழைய பனிவண்டியையும் வாங்கியிருக்கிறாய். முன்னால் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சறுக்குப் பலகைகள், அவைதான் ஸ்கீ. வண்டியோடு வந்தவை சரியில்லை, வேறு கம்பெனிகள் தனியாகச் செய்து விற்பதில் மூன்று ஜோடி பார்த்து வைத்திருக்கிறாய். இதையெல்லாம் யாரிடம் கேட்கிறாய்? இந்த மலாய் நாட்டு வெயிலில், ரெங்கத்தில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் என்னிடம். நான் நேரில் கண்ட பனி நம் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் கட்டியிருப்பதுதான். அதையும் மீன் வைக்க இடமில்லை என்று கரண்டியால் சுரண்டி எறிந்திருக்கிறேன்.

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. மகன் இவ்வளவு பெரிய விஷயத்தில் என் யோசனையைக் கேட்கிறானே என்று. பிறகுதான் புரிந்தது, நீ என்னைக் கேட்கவில்லை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன் என்று தெரிந்தே கேட்டிருக்கிறாய்.

நீயும் உன் அப்பாவும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. யார் மேல் தவறு என்று நான் இதுவரை தீர்ப்புச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பெயர்ப்பலகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடைப் பெயருக்குப் பக்கத்தில் 'டான் அனாக்' என்று, அதாவது 'மகனும்' என்று, மலாயில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி மாட்டினார். அந்தப் பெயின்ட் காய்வதற்குள் நீ வந்து கனடா வேலையைச் சொன்னாய். அவர் "போ" என்றார். அந்த ஒற்றை எழுத்துக்குப் பிறகு உன்னோடு வேறு எழுத்து எதையும் அவர் செலவழிக்கவில்லை. பலகையை இறக்கவும் இல்லை. வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு "மானா அனாக்?" என்று மகனைத் தேடுவார்கள். அவர் திரும்பாமலேயே டயர் அடுக்கின்மேல் தூங்கும் செம்பூனையைக் காட்டுவார். இப்போது ரெங்கத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பூனையின் பெயரே அனாக்தான். அது வேலைக்கு வராத நாளில்கூட யாரும் குறை சொல்வதில்லை.

நீ ஸ்கீ பற்றிக் கேட்ட அன்று காலை நடந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் நான் இருந்த இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று நீ அறிய வேண்டும். போன் கவுண்ட்டரில். அவர் ஒரு மோட்டாருக்கு அடியில், கால் மட்டும் வெளியே.

"அவன்கிட்ட கேளு, இப்ப இருக்கறது எத்தன அகலம்?"

"தம்பி, அப்பா கேக்கறாரு..."

"கேட்டுச்சும்மா. ஒரு சாண்கூட இல்லன்னு சொல்லுங்க."

"ஏங்க, ஒரு சாண்கூட..."

"எனக்கென்ன காது செவிடா? அகலமா போட்டா மெதக்கும், ஆனா சரிவுல பிடிப்பு இருக்காதுன்னு சொல்லு."

நான் கொஞ்சம் சுருக்கிச் சொல்லலாம் என்று நினைத்தேன். "தம்பி, அகலமா வேணாங்கறாரு."

"நான் எப்ப லா வேணாம்னேன்?" என்று அடியிலிருந்து ஒரு கத்தல்.

"அவரு வேணாம்னு சொல்லலம்மா," என்று அங்கிருந்து நீ. "ஏன்ம்மா மாத்தி மாத்திச் சொல்றீங்க?"

"அதான! சொன்னத சொல்லத் தெரியல."

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக நீங்கள் இருவரும் ஒரே கட்சியில் இருந்தீர்கள், எனக்கு எதிராக. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நீங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

அதன்பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். நாவல்களை ஒதுக்கிவிட்டு, உலகத்தில் யார் யார் ஸ்கீ பற்றி என்ன எழுதியிருந்தாலும் வாசித்தேன். ஒருவர் தன் புது ஸ்கீயைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்ததைப் படித்தபோது, இதை அவர் மனைவி வாசித்துவிடக் கூடாதே என்று எனக்கே பதற்றமாக இருந்தது. நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். முதல் ஜோடி நல்ல அகலம். அடியில் நீளமாக ஓடும் வரப்பு ஆழமில்லாதது. மெத்தென்ற பனியில் மிதக்கும், கைக்கு இலேசாகத் திரும்பும், சரிவில் வழுக்கும். இரண்டாவது ஜோடி அகலம் குறைவு, வரப்பு ஆழம். சரிவில் கத்தி மாதிரிப் பிடிக்கும், ஆனால் திருப்பித் திருப்பித் தோள் கழன்றுவிடும். மூன்றாவதில் ஒன்றுக்கு இரண்டு வரப்பு. இறுகிய பாதையில் அலையாமல் நேராகப் போகும், மற்றதெல்லாம் சுமாராகச் செய்யும். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான். எந்தக் கடையிலும் எந்தப் பொருளிலும் அம்மாக்கள் அந்த மூன்றாவதைத்தான் எடுப்பார்கள். நாலாவதாக ஒரு வழியும் இருக்கிறது, குளிர்காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் சூப் குடிப்பது. அதை நான் சொல்லவில்லை, நினைத்தேன், அவ்வளவுதான்.

நினைத்ததற்குக் காரணம் உண்டு. மலைச்சரிவைக் குறுக்கே கடக்கும்போது வண்டியை மேட்டுப்பக்கம் சாய்த்து, அந்தப் பக்கத்து ஸ்கீயின் விளிம்பிலேயே ஓட்ட வேண்டுமாம். நீ அப்படிப் போனபோது பழைய ஸ்கீ பிடிக்காமல் வண்டி கீழே மரங்களைப் பார்த்து வழுக்கியிருக்கிறது. "கொஞ்சம் சறுக்கிருச்சும்மா," என்றாய், காப்பி சிந்தியதைச் சொல்வது மாதிரி. அனுப்பிய படத்தில் வண்டியின் முன்கண்ணாடி இல்லை. கேட்டதற்குக் கழற்றி வைத்திருப்பதாகச் சொன்னாய். உன் அப்பா என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பூனையிடம், "கழட்டியிருந்தா போல்ட்டு ஓட்டையெல்லாம் சுத்தமா இருக்கும். இது பிஞ்சிருக்கு," என்றார். அடுத்த மாதம் பனி கனத்ததும் கூட்டாளிகளோடு அதே சரிவுக்குப் போகப் போகிறாய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்.

மரத்தூள் விவகாரம் உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சேகர் மாமாவிடம் உன் அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். என்னிடம் வாங்க மறந்துவிட்டார்.

உன் மூன்று படங்களையும் பார்த்து, பிளைவுட்டில் மூன்று ஜோடி ஸ்கீ அறுத்தார். அடியில் தகரம் அடித்து, தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து வரப்பு வைத்தார். ஒரு பழைய மோட்டாரின் ஹேண்டிலையும் சீட்டையும் கழற்றி, சாமான் அடுக்கும் மரச்சட்டம் ஒன்றில் பொருத்தி, முன்னால் ஸ்கீ மாட்டுகிற மாதிரி செய்தார். இவ்வளவும் மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. பனிக்கு எங்கே போவது? அதற்குத்தான் உன் மாமா. பாலோ ஊர்ப் பக்கத்து மரஆலையில் அவர் லாரி ஓட்டுகிறார் இல்லையா, அந்த ஆலைக்குப் பின்னால் மரத்தூள் குன்று மாதிரிக் குவிந்து கிடக்கிறது. மஞ்சள் நிறம் என்பதைத் தவிர அசல் பனி என்று உன் அப்பா சொன்னார். அசல் பனியை இவர் எங்கே கண்டார் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் அந்த வண்டியை லாரியிலிருந்து இறக்கியபோது ஆலை முதலாளி, அந்தச் சீனத் தௌக்கே, வந்து நின்று இது என்ன, படகா என்று மலாயில் கேட்டார். படகில்லை, பனியில் ஓட்டும் வண்டி என்றார் மாமா. தௌக்கே ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியோடு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

புது வண்டி எடுத்தால் முனீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் உன் அப்பா சாவியைத் தொட்டிருக்கிறாரா? இதற்கும் வைத்தார், ஸ்கீக்கு ஒன்றாக. மாமா லாரியை மெதுவாக நகர்த்த, கயிறு இழுக்க, வண்டி பழத்தின்மேல் ஏறி இறங்கியது. பழம் நசுங்கவே இல்லை. முழுசாக மரத்தூளுக்குள் போய்விட்டது.

"மச்சான், பழம் நசுங்கல," என்றார் மாமா முகம் வெளுத்து. "சகுனம் சரியில்ல. பேசாம வீட்டுக்குப் போயிரலாம்."

உன் அப்பா குனிந்து பழத்தைத் தோண்டி எடுத்து உருட்டிப் பார்த்தார். "நசுங்கலன்னா என்னா அர்த்தம்? பாரம் பரவுது. மெதக்குது. நல்ல ஸ்கீ!" என்று சொல்லி, அட்டையில் முதல் ஜோடிக்கு ஒரு மார்க் போட்டார்.

அடுத்து, யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. "அவன் எடைக்கு இருக்கணும்," என்றார் உன் அப்பா. மாமாவைப் பார்த்தார், மாமா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"அவ ஒல்லி லா," என்றார் மாமா. "ஒரு அரிசி மூட்டைய கட்டிவிட்டா சரியாப் போயிரும்."

உன்னைப் பெற்றபோது எனக்கு உன் இப்போதைய வயதுகூட இல்லை, அதனால் இன்னும் இளமை இருக்கிறது என்று எனக்குள் ஒரு எண்ணம். அந்த எண்ணத்தில்தான் ஏறினேன். தலையில் ஹெல்மெட், முதுகில் அரிசி மூட்டை, எதிரே மரத்தூள் மலை. லாரி இழுத்தது. உன் அப்பா பக்கத்திலேயே ஓடிவந்து "சாயி! மேட்டுப் பக்கம் சாயி! அவன் மாதிரி சாயி!" என்று கத்தினார். முதல் ஜோடி வெண்ணெயில் போவது மாதிரிப் போய், சரிவு வந்ததும் என்னைக் கேட்காமலேயே கீழே இறங்கியது. நானும் அரிசியும் தூளுக்குள் கிடந்தோம். இரண்டாவது ஜோடி அருமையாகப் பிடித்தது. பிடித்த பிடியில் வண்டி நின்றுவிட்டது, நான் மட்டும் தொடர்ந்து போனேன். மூன்றாவது நேராகப் போனது, திருப்பினாலும் நேராகவே போனது, தௌக்கேயின் நாற்காலியை நோக்கி. அவர் அந்த வயதில் அவ்வளவு வேகமாக எழுந்திருப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் எழுந்து வாயிலிருந்த தூளைத் துப்பிக்கொண்டு, "போதுமா? எது?" என்று கேட்டேன்.

உன் அப்பா என் முதுகைத் தட்டிவிட்டபடியே, "நீ சாயற மாதிரி அவன் சாயமாட்டான்," என்றார்.

"பின்ன எப்படிச் சாய்வான்?"

அவர் கிழிந்து கிடந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். "தெரியல," என்றார்.

தம்பி, அவருக்கு மனைவியான நாளிலிருந்து ஒரு வண்டியைப் பற்றி அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. தெரியாவிட்டால் "நாளைக்கு வாங்க" என்பார். அப்புறம், "சின்னதுல சைக்கிள்ல வலப்பக்கம் திரும்ப பயப்படுவான்," என்றார். "நாந்தான் பின்னால ஓடுவேன், எனக்குத் தெரியும். இப்ப ஆள் வளந்துட்டான், நின்னுக்கிட்டு ஓட்டற வண்டி வேற. கைய நம்பறானா ஒடம்ப நம்பறானா? கைய நம்பறவனுக்கு ஆழமா வரப்பு வெச்சா தோள் போயிரும், பாதி வழியில தளந்துருவான். ஒடம்ப நம்பறவனுக்கு அதுதான் வேணும். அது தெரியாம எதப் போடச் சொல்றது? தப்பா சொல்லிட்டா..." மாமா சிதறிய அரிசியைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குத்தான் மறுநாள் காலை, கையை நம்புகிறாயா உடம்பை நம்புகிறாயா என்று உன்னிடம் கேட்டேன். "சொல்லத் தெரியலம்மா, நின்னு காட்டினாத்தான்," என்றாய். வீடியோவில் கட்டில்மேல் ஏறி நின்று காட்டினாய். உன் அப்பா எழுந்து வந்து திரையைப் பார்த்தாரா? மாட்டார். "எந்தக் கால ஊணறான்னு கேளு. இடுப்பு எங்க இருக்குன்னு கேளு." நீ அங்கே சாய, நான் இங்கே ஒரு கையில் போனோடு ஒற்றைக் காலில் உன்னைப் போலச் சாய்ந்து காட்ட, அவர் என்னைப் பார்த்து "இன்னும் கொஞ்சமா? இவ்ளவா?" என்று கேட்க, எஞ்சின் ஆயில் வாங்க வந்த ஒரு மலாய்க்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வேறு கடைக்குப் போய்விட்டார். அன்றுதான் முடிவு செய்தேன். அகலத்தையும் ஆழத்தையும் என்னால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தூக்கிக் கொடுக்க முடியும். நீ எப்படிச் சாய்கிறாய் என்பதை முடியாது. நான் கொஞ்சம் கோணலாகக் காட்டினால் உனக்குத் தவறான ஸ்கீ வந்துவிடும், அந்தச் சரிவில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே இந்தத் தூது வேலையிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். போவதற்கு முன் கவுண்ட்டர்காரியாகச் சிலதைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஜோடி வாங்கினாலும் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே, நானும் அப்படித்தான் சொல்வேன். ஸ்கீயை மாட்ட உன் வண்டிக்கு என்றே வரும் பிடிப்புச் சாமானையும் ரப்பரையும் சேர்த்துக் கேட்டு வாங்கு. முதல் ஓட்டம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கு. தனியாக மலைக்குப் போகாதே. அன்றன்றைக்குப் பனி எப்படி இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேள். வேண்டாம் என்றால் திரும்பி வா, கூட்டாளிகள் சிரித்தால் சிரிக்கட்டும். மேலே இருக்கும் பனி மொத்தமும் சரிந்து வந்தால் எந்த ஸ்கீயாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் வாசித்த எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. அந்தப் பக்கங்களை உன் அப்பாவிடம் காட்டவில்லை. நீ வாசித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் அப்பாவைப் பற்றியும் ஒன்று. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் ஜாதகம், படிப்பு, சம்பளம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது என்னைப் பார்த்து, "வாசல்ல நிக்கற மோட்டார் உங்களுதா? செயின் லூசா இருக்கு, அதோட ஓட்டாதீங்க," என்றார். நான் அன்று முழுக்க அவமானத்தில் இருந்தேன். என் அம்மா இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றே சொன்னார்கள். மறுநாள் காலை வந்து பார்த்தால் செயின் இறுக்கி எண்ணெய் போட்டிருந்தது. யார், எப்போது செய்தார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரிடம் இதற்குமேல் இனிமையான பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்துப் பல வருஷம் காத்திருந்தேன், தம்பி. இல்லை. இதுதான் அது.

வரும் சனிக்கிழமை காலை, உனக்கு அது வெள்ளிக்கிழமை பொழுதுசாயும் நேரம், வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. நான் சேகர் மாமாவோடு குளுவாங்குக்குப் போகிறேன். போனை மறந்து வைத்துவிட்டுப் போவேன், எண்ணெய் டின்மேல் சாய்த்து, அவர் உட்காரும் முக்காலிக்கு நேராக. நெடுநேரம் மணி அடிக்கும். வைத்துவிடாதே. கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். நன்றாகத்தான் துடைப்பார், துடைத்த கையை மறுபடியும் துடைப்பார். அதுவரை பொறுத்திரு. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கூப்பிட்டால் நல்லது, ஏறி நின்று காட்ட வசதியாக இருக்கும். இரண்டு பக்கமும் சாய்ந்து காட்டு, முக்கியமாக வலப்பக்கம். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்றெல்லாம் கேட்க மாட்டார். எடுத்த எடுப்பில் இடுப்பை எங்கே வைக்கிறாய் என்றுதான் கேட்பார். நீயும் அதற்கே பதில் சொல். கண்ணாடி எப்படிப் போனது என்று கேட்டால் உண்மையைச் சொல்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனமாக இரு. பழக்கதோஷத்தில், எடுத்ததும் "ம்மா" என்று கூப்பிட்டுவிடாதே. அங்கே அவர் மட்டும்தான் இருப்பார்.

அம்மா